குரோமா, கறுப்பா? கேமராவுக்கும் லென்சுக்கும் பூச்சைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கேமரா வாங்க முடிவு செய்தவர் சென்சார், ஷட்டர், லென்ஸ் பற்றியெல்லாம் மாதக்கணக்கில் விசாரிக்கிறார். கடைசியில் கடைக்காரர் "வெள்ளியா, கறுப்பா?" என்று கேட்கும்போது மட்டும் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடுகிறார். தோளில் தொங்கும் எடை, வெயிலில் அது கையைச் சுடும் அளவு, பல ஆண்டுகள் கழித்து விளிம்புகள் தேயும் விதம், விற்கப் போனால் கிடைக்கும் விலை ஆகிய எல்லாவற்றிலும் அந்தப் பதிலுக்குப் பங்கு உண்டு. பழைய வட ஆற்காட்டில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், வெயிலிலும் திருவிழாக் கூட்டத்திலும் கல்யாண மண்டபத்திலும் கேமராவோடு நிற்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடலாம். வெளிப்பூச்சின் நிறத்தால் படத்தின் கூர்மையோ வண்ணமோ மாறாது. வெள்ளி நிற லென்சாக இருந்தாலும் அதன் குழாயின் உட்பக்கம் ஒளியை விழுங்கும் மங்கிய கறுப்பாகத்தான் இருக்கும். படத்தில் வித்தியாசம் வருவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு; அதை நான்காம் படியில் சொல்கிறேன்.

முதல் படி: நிறத்துக்கு முன்னால் உலோகத்தைக் கேளுங்கள்

வெள்ளி நிறமாகத் தெரிவதெல்லாம் குரோம் ஆகிவிடாது. பழைய உலோகக் கேமராக்களில் குரோம் பூச்சு என்பது, பித்தளைத் தகட்டின் மேல் நிக்கல் முலாம் ஏற்றி, அதற்கும் மேலே மிக மெல்லிய குரோமியப் படலம் ஏற்றியது. முலாம் போடுவதற்கு முன்பே நுண்துகள்களை வேகமாக வீசித் தகட்டை மங்கலாக்கிவிடுவதால், அந்த மேல்தகடுகள் பைக் சைலன்சரைப்போலப் பளபளக்காமல் அடங்கிய ஒளியோடு இருக்கின்றன. குரோமியம் மிகக் கடினமான உலோகம். சட்டைப் பொத்தானும் சாவிக்கொத்தும் அதில் எளிதில் கீறல் போடுவதில்லை. ஐம்பது, அறுபது ஆண்டு உழைத்த குரோம் கேமராக்கள் இன்றும் புதுசுபோல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்று கடையில் "சில்வர்" என்று விற்கப்படும் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தாது. ஃபுஜிஃபிலிம் எக்ஸ்-டி வரிசையின் வெள்ளி நிறம் மெக்னீசியக் கலவையின் மேல் அடித்த வண்ணம்தான். அதே நிறுவனத்தின் எக்ஸ்100வி கேமராவில் மேல்தகடும் அடித்தகடும் அனோடைசிங் செய்த, அதாவது மின்சாரத்தால் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் உண்டாக்கிய, அலுமினியம். 1976-இல் வந்த கேனான் ஏஇ-1 இன்னும் வேடிக்கையானது. கண்ணுக்கு முழு உலோகம்போல் தெரியும் அதன் மேல்மூடி, முலாம் ஏற்றிய பிளாஸ்டிக். ஆகவே "சில்வர் தேயாது" என்று யாராவது சொன்னால், எந்த சில்வர் என்று திருப்பிக் கேளுங்கள்.

கறுப்பிலும் ஒரே கறுப்பு இல்லை. பித்தளையின் மேல் அடித்த கறுப்பு வண்ணம் மிக அழகானது, மிக மென்மையானதும் கூட. விரல் படும் விளிம்புகளில் அது தேய்ந்து, அடியிலிருக்கும் பொன்னிறம் வெளியே வரும். கறுப்பு குரோம் என்பது மின்முலாமாகவே ஏற்றப்படுவது. சாம்பல் சாயல் கலந்து, வண்ணத்தைவிட நெடுநாள் நிற்கும். மூன்றாவது, அலுமினியத்தின் மேல் அனோடைசிங் செய்து அதன் நுண்துளைகளில் கறுப்புச் சாயத்தை ஏற்றுவது. இன்றைய உலோக லென்ஸ்களில் பெரும்பாலானவை இந்த வகை. இங்கே பூச்சு உலோகத்திலிருந்தே விளைந்த ஆக்சைடு என்பதால் உரிந்து விழாது. ஆனால் சாயம் தரமற்றதாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் வெயிலும் வியர்வையும் பட்டு ஊதா கலந்த பழுப்பாக வெளுக்கும். நான்காவது, மெக்னீசியக் கலவையின் மேலோ பிளாஸ்டிக்கின் மேலோ அடித்த வண்ணம். இன்றைய டிஜிட்டல் பாடிகளில் பெரும்பாலும் இதுதான். இது தேய்ந்தால் அடியில் பொன்னிறம் தெரியாது, சாம்பல் நிறம்தான் தெரியும். 2023-இல் வந்த நிக்கான் இசட்எஃப் ஒரு கலவை: பாடியின் மூடிகள் மெக்னீசியம், மேலிருக்கும் டயல்கள் பித்தளை. அந்தக் கேமரா தேயும்போது டயல்களில் மட்டுமே பொன்னிறம் வரும் என்பதை அறிந்து வாங்குவது நல்லது.

வரலாற்றில் கறுப்புதான் மூத்தது. 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்கா என்ற ஜெர்மன் கேமரா கறுப்பு வண்ணம் பூசிய உடலும் நிக்கல் பூசிய குமிழ்களும் கொண்டது. குரோம் 1930-களில் வந்து, தேயாத பூச்சு என்பதால் விரைவில் எங்கும் வழக்கமாகிவிட்டது. 1954-இல் லைக்காவின் எம்3 வந்தபோது குரோம்தான் பொது வழக்கு. கறுப்பு, பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்காகப் பின்னர் சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்டது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் தம் கேமராவின் பளபளப்பைக் கறுப்பு ஒட்டுநாடாவால் மறைத்துக்கொண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1959-இன் நிக்கான் எஃப் இரு நிறங்களிலும் கிடைத்தது. போர்க்களத்திலிருந்தும் விளையாட்டரங்கிலிருந்தும் செய்திப்படம் எடுத்தவர்களின் கையில் கறுப்பு எஃப் நிலைபெற்றதிலிருந்து, தொழில்முறைக்காரரின் நிறம் கறுப்பு என்ற எண்ணமும் நிலைபெற்றது. குடியாத்தத்திலோ ஆரணியிலோ கல்யாண ஆர்டர் எடுக்கும் இளைஞர் வெள்ளி நிறக் கேமராவைக் கொண்டுபோகத் தயங்குவதற்குப் பின்னால் இருப்பது அந்தப் பழைய எண்ணம்தான்.

இரண்டாம் படி: எடையைக் கிராமில் பாருங்கள்

ஒரே லென்ஸ், ஒரே கண்ணாடி, ஒரே பெயர். ஆனால் நிறம் மாறினால் எடை மாறும் என்பதைப் பலர் வாங்கிய பிறகே அறிகிறார்கள். லைக்கா சம்மிலக்ஸ்-எம் 50 மி.மீ. எஃப்1.4 ஆஸ்பெரிக்கல் லென்ஸ் கறுப்பில் 335 கிராம், வெள்ளிக் குரோமில் 460 கிராம். 2022-இல் வந்த லைக்கா எம்11 பாடி, பேட்டரியோடு சேர்த்துக் கறுப்பில் 530 கிராம், வெள்ளியில் 640 கிராம். காரணம் எளிமையானது. கறுப்பு வடிவத்தின் குழாயும் மேல்தகடும் அலுமினியம், வெள்ளி வடிவத்தில் அவை பித்தளை. அலுமினியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.7 கிராம், பித்தளைக்கு அது 8.5 கிராமை ஒட்டி வரும். இரண்டையும் வெள்ளியில் வாங்கியவர், கறுப்பில் வாங்கியவரைவிட 235 கிராம் அதிகம் சுமக்கிறார். அதிகாலை முகூர்த்தத்தில் தொடங்கி மதியப் பந்தி வரை கழுத்தில் கேமரா தொங்கும் வேலைக்கு இது சிறிய எடை இல்லை.

இந்தக் கணக்கு எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தாது. இரு நிறத்தையும் ஒரே உலோகத்தில் செய்பவர்களும் உண்டு; அவர்களிடம் நிறம் வெறும் விருப்பம். நிறுவனத்தின் விவரப் பட்டியலில் இரு நிறத்துக்கும் தனித்தனியே எடை தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியே இருந்தால் உலோகம் வேறு என்று பொருள். இதைவிட விரைவான சோதனை கிடையாது.

கனம் ஒரு குறையும் அல்ல. சிறிய பாடியில் பித்தளை லென்சை மாட்டினால் இடக்கை அதைத் தாங்கி நிற்கும் பிடிப்பு உறுதியாக இருக்கிறது. மெதுவான ஷட்டரில் அது உதவுகிறது. நாள் முழுக்கச் சுமப்பவருக்கு அலுமினியம், நின்று நிதானமாக எடுப்பவருக்குப் பித்தளை என்பது என் கருத்து.

மூன்றாம் படி: வெயிலைக் கணக்கில் கொள்ளுங்கள்

வேலூரில் கத்திரி நாட்களில் நிழலிலேயே வெப்பநிலை 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். பல கேமராக்களின் கையேடுகள் இயங்கு வெப்பநிலைக்கு அந்த 40 பாகையையே மேல் வரம்பாகக் குறிப்பிடுகின்றன. வைகாசி முதல் நாளில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் ஆற்றங்கரைக் கூட்டத்தின் நடுவே காலையிலிருந்து நிற்பவருக்கு, பூச்சு எவ்வளவு வெப்பத்தை வாங்கும் என்பது உண்மையான கேள்வி.

கறுப்பு வண்ணம் தன்மேல் விழும் வெயிலில் 90 சதவீதத்துக்கும் மேல் உள்வாங்கிக்கொள்ளும். குரோம் அதைவிட வெகு குறைவாகவே வாங்கும். இதை மட்டும் வைத்துக் குரோம் குளிர்ச்சியானது என்று பலர் முடிவு செய்கிறார்கள். விஷயம் அத்தோடு நிற்கவில்லை. வாங்கிய வெப்பத்தைக் கதிராக வெளியே விடும் திறன் கறுப்புக்கு மிக அதிகம், குரோமுக்கு மிகக் குறைவு. வாங்குவது குறைவானாலும் வாங்கியதை விடாமல் வைத்துக்கொள்வது குரோமின் இயல்பு. அதனால்தான் வெயிலில் நிறுத்திய பைக்கின் குரோம் பாகங்கள், வெள்ளி நிறமாக இருந்தும் கையைச் சுடுகின்றன. உண்மையில் வெயிலுக்கு ஏற்ற நிறம் வெண்மை: அது குறைவாக வாங்கி, நிறைய வெளிவிடும். கேனான் நிறுவனம் தன் பெரிய டெலி லென்ஸ்களுக்கு வெள்ளை பூசியதற்கும் இதுவே அடிப்படை. அவற்றில் பலவற்றில் இருக்கும் ஃப்ளோரைட் படிகம் வெப்பத்தில் விரிவது, சாதாரண ஒளியியல் கண்ணாடியைவிட இரு மடங்குக்கு மேல்.

நேர் வெயிலில் குரோம் சற்று மேல், ஆனால் அதை நம்பிக் கேமராவை வெயிலில் விடக்கூடாது. எந்த நிறமானாலும் படம் எடுக்காத நேரத்தில் அதன்மேல் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டைப் போடுங்கள். கதவடைத்த காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பழைய லென்ஸ்களின் கிரீஸ் இளகி, அதன் எண்ணெய், ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் அப்பர்ச்சர் தகடுகளில் பரவிவிடும். இந்த இரண்டு பழக்கங்களும் தரும் பாதுகாப்பை எந்தப் பூச்சும் தராது.

நான்காம் படி: எதைப் படம் எடுக்கிறீர்கள்?

முன்பு சொன்ன ஒரே வழி இதுதான்: பிரதிபலிப்பு. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதையோ, கண்ணாடிபோல் மின்னும் பொருளையோ எடுக்கும்போது, லென்சின் முன்வளையமும் கேமராவின் முகமும் அதில் தெரியும். நகைக்கடைக்காக ஆரத்தையும் வங்கியையும் அருகிலிருந்து எடுப்பவர், வெள்ளிக் குத்துவிளக்கை எடுப்பவர், காட்பாடியிலிருந்து கிளம்பும் ரயிலின் மூடிய ஜன்னல் வழியே பாலாற்று மணலை எடுப்பவர் ஆகியோருக்குக் கறுப்பு லென்சும் கறுப்பு வளையம் கொண்ட ஃபில்டரும் வேண்டும். வெள்ளி லென்ஸ்தான் கையில் இருக்கிறது என்றால் கறுப்பு ரப்பர் ஹூட் ஒன்றை மாட்டிக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுங்கள்; சிக்கல் தீர்ந்தது.

மனிதர்களை எடுப்பது வேறு விஷயம். கறுப்பு கண்ணில் படாது, ஆகவே தெருவில் எடுக்க அதுதான் ஏற்றது என்ற அறிவுரையை நான் முழுமையாக ஏற்பதில்லை. மயானக் கொள்ளை ஊர்வலத்தில் பாலாற்றங்கரையில் நிற்கும் உங்களை மறைக்கக் கறுப்புப் பூச்சால் முடியாது. நீங்கள் நிற்கும் தோரணைதான் கண்ணில் படுகிறது. பெரிய கறுப்புக் கேமராவைக் கண்டால் "எந்த டிவி சார்?" என்று கேட்பவர்கள், சிறிய வெள்ளிக் கேமராவைக் கண்டால் "ஃபிலிம் கேமராவா தம்பி, இன்னும் இது கிடைக்குதா?" என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கும் பேச்சு நல்ல உருவப்படத்தில் முடிவது அதிகம். கல்யாண வேலையில் இதற்கு நேர்மாறு: மண்டபத்தில் யார் போட்டோகிராபர் என்று உறவினர்கள் தூரத்திலிருந்தே அடையாளம் காண வேண்டும், கறுப்பு அதற்கு உதவுகிறது.

ஐந்தாம் படி: லென்சை முதலில் முடிவு செய்யுங்கள்

பாடி மாறிக்கொண்டே இருக்கும், லென்ஸ் நிற்கும். இன்று வரும் லென்ஸ்களில் மிகப் பெரும்பாலானவை கறுப்பில் மட்டுமே கிடைக்கின்றன. ஃபுஜிஃபிலிமின் 23, 35, 50 மி.மீ. எஃப்2 லென்ஸ்களைப்போல இரு நிறத்திலும் வருபவை குறைவு. ஆகவே வெள்ளி லென்சுக்காகக் காத்திருந்து நல்ல லென்சை இழக்காதீர்கள். வெள்ளிப் பாடியில் கறுப்பு லென்ஸ் எப்போதும் பொருந்திப் போகும், பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்கள் அப்படித்தான் விற்கப்பட்டன.

எண்கள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். மங்கிய மண்டப வெளிச்சத்தில் கறுப்பின் மேல் வெள்ளை எண்கள் தெளிவு. உச்சி வெயிலில் குரோமின் மேல் செதுக்கிய கறுப்பு எண்கள், ஒளி கூசும்போது, சட்டென்று பிடிபடுவதில்லை. நாற்பது வயதைக் கடந்த கண்களுக்கு இது சிறிய விஷயமே இல்லை.

ஆறாம் படி: பழைய கேமராவென்றால் பூச்சைச் சோதியுங்கள்

நம் ஊர்ப்பக்கம் பழைய ஸ்டூடியோ அலமாரிகளிலிருந்தும் வீட்டுப் பரண்களிலிருந்தும் இன்னும் யாஷிகாவும் பென்டாக்ஸும் நிக்கான் எஃப்எம் வரிசையும் வெளியே வருகின்றன. யாஷிகா எலெக்ட்ரோ 35-இல் ஜிஎஸ்என் என்றால் வெள்ளி, ஜிடிஎன் என்றால் கறுப்பு. உள்ளே இரண்டும் ஒன்றே. கறுப்பு குறைவாகக் கிடைப்பதால் அதற்கு விலை ஏற்றிச் சொல்வார்கள். சேகரிப்பவர் அல்லாதவர் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. குரோம் கேமராவை வாங்கி, மிச்சத்தை ஷட்டரையும் ஒளியளவியையும் சரிபார்க்கச் செலவிடுங்கள், அல்லது ஃபிலிம் வாங்குங்கள்.

கேமராவை ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் மேல்தகட்டின் மேல் சாய்வாக விழும்படி மெதுவாகத் திருப்புங்கள். குரோமில் கடுகைவிடச் சிறிய கொப்புளங்கள் தெரிந்தால், முலாமின் நுண்துளைகள் வழியே ஈரம் இறங்கி அடியுலோகம் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ரெக்ஸின் ஓரத்திலும் திருகுகளைச் சுற்றியும் பச்சைக் களிம்பு இருந்தால் அடியில் பித்தளை, துடைத்துச் சரிசெய்யலாம். முலாம் பொங்கி, அடியில் வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அடியுலோகம் துத்தநாகக் கலவை. அது மேலும் கெடும், விட்டுவிடுங்கள். பிறகு நகத்தால் மேல்தகட்டைத் தட்டிப் பாருங்கள். பித்தளையின் ஒலி இறுகியிருக்கும், முலாம் பூசிய பிளாஸ்டிக் உள்ளீடற்ற ஒலி தரும். தொட்டவுடன் விரல் உணரும் குளிர்ச்சியும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கறுப்பு கேமராவென்றால் திருகுகளின் பிளவுகளை உருப்பெருக்கியால் பாருங்கள். பிளவுக்குள் வண்ணம் இருந்தாலோ, செதுக்கிய எண்களின் விளிம்பு மழுங்கியிருந்தாலோ, அது குரோம் கேமராவுக்குப் பின்னால் யாரோ அடித்த வண்ணம். தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். உண்மையான உழைப்பின் தேய்மானம் ஸ்ட்ராப் வளையத்தைச் சுற்றி, அடித்தகட்டின் மூலைகளில், ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோலின் முனையில், வலக்கைப் பெருவிரல் உரசும் இடத்தில் இருக்கும். கை படவே படாத இடத்திலும் பொன்னிறம் சீராகத் தெரிந்தால் அது உப்புத்தாளின் வேலை.

தேய்ந்த குரோமை மறுபடி முலாம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சைலன்சருக்கு முலாம் போடும் பட்டறையில் கேமராத் தகட்டைக் கொடுக்காதீர்கள். பளபளப்பாக வரும், செதுக்கிய எழுத்துகள் நிரம்பிப்போகும். இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேமராவின் மேல் படிந்திருப்பது உலோகக் குரோமியம். அதைத் தொடுவதால் கெடுதல் இல்லை. மரபான முலாம் தொட்டியில் இருப்பதோ ஆறு இணைதிறன் கொண்ட, நஞ்சான குரோமியம். அது நிலத்தடி நீரில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை குரோமியக் கழிவால் பாதிக்கப்பட்ட ராணிப்பேட்டையைச் சுற்றி வாழ்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓர் அழகுக்காக, கழிவுநீர் எங்கே போகிறது என்று சொல்ல முடியாத பட்டறைக்கு அந்த வேலையைத் தருவதை நான் ஆதரிக்க மாட்டேன். தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கட்டும்.

நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் தேய்ந்த குரோமைத் தவிர்ப்பது நல்லது, அடியிலுள்ள நிக்கல் தோலில் படும். அவர்களுக்கு அனோடைசிங் செய்த அலுமினியம் பாதுகாப்பானது.

ஏழாம் படி: பூச்சுக்கு ஏற்ற பராமரிப்பு

அம்மன் திருவிழாவிலிருந்து திரும்பிய கேமராவைப் பாருங்கள். ஃபோகஸ் வளையத்தின் பல்வரிகளுக்குள் திருநீறும் குங்குமமும் ஏறியிருக்கும். கறுப்பு லென்சில் திருநீறு கோடு கோடாகத் தெரிவதால் உடனே துடைத்துவிடுவோம். வெள்ளி லென்சில் அது தெரியாமலே தங்கி, மறுநாள் வளையத்தைத் திருப்பும்போது நறநறக்கும். ஆகவே வெள்ளி லென்ஸ் வைத்திருப்பவர்கள் கண்ணை நம்பாமல், ஒவ்வொரு முறையும் காற்றூதும் ரப்பர் பந்தையும் மென்மையான தூரிகையையும் பயன்படுத்த வேண்டும். வியர்வையின் உப்பு குரோமின் நுண்துளைகளுக்கு எதிரி. துணியைத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து, ஒருமுறை துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிட்டால் போதும்.

அனோடைசிங் பூச்சுக்குக் காரம் ஆகாது. புது வீட்டில் அலுமினிய ஜன்னல் சட்டத்தின் மேல் ஈரச் சிமெண்ட் தெறித்தால் துடைத்தும் போகாத வெள்ளைக் கறை விழுவதைப் பார்த்திருப்பீர்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலும் கறுப்பு லென்சுக்கு அதே தீங்கைச் செய்யும். சலவைச் சோடா கலந்த சோப்பு நீரும் அப்படித்தான். பித்தளை வெளியே தெரியும் கறுப்பு கேமராவை, வீட்டுக் குத்துவிளக்கைப்போலப் புளி போட்டுத் துலக்கலாம் என்று நினைக்க வேண்டாம். புளி பித்தளையைப் பளிச்சென்று ஆக்கும், ஓரத்தில் மிச்சமிருக்கும் வண்ணத்தை அடியிலிருந்து கிளப்பிவிடும்.

ஆம்பூரும் வாணியம்பாடியும் பேர்ணாம்பட்டும் பக்கத்தில் இருப்பதால் நம் பகுதிக்காரர்களுக்கு நல்ல தோலில் கேமரா உறை தைத்துக்கொள்வது எளிது. தைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதிலுள்ள கொழுப்பு பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பை உண்டாக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்சுக்குள் பூஞ்சையும் ஏறும். உறை தைக்கும்போது உட்புறம் துணி வைக்கச் சொல்லுங்கள். கேமராவின் மேல்தகட்டில் பித்தளைக் குமிழோ கொக்கியோ உரசாதபடி அதை வெளிப்பக்கம் பொருத்தச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் கேமராவை வெளியே எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைத்துவிட்டு, உறையைத் தனியாக நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.